அகஸ்தீன் அத்தியட்சரும் இறுதி நாட்களின் போரும்

தோற்றுவாய்

சென்ற கோடை விடுமுறையில் யாம் எம் ஊரில் இருந்தபொழுது, ஒருநாள் மாலை ஆலயத்தின் புறத்தே கூடிய கூட்டமொன்றிற்குச் சென்றிருந்தோம். வெளியூரினின்று வந்திருந்த போதகர் ஒருவர், துணியில் எழுதிய பெரிய படமொன்றைத் தொங்கவிட்டு, கோலாற் சுட்டிச் சுட்டி, இறுதி நாட்களைப் பற்றிப் பேசினார். எசேக்கியேல் தீர்க்கதரிசி கூறிய கோகு இன்ன தேசம். மாகோகு இன்ன தேசம். இப்பொழுது நடைபெறும் போர் இன்ன அதிகாரத்திற் சொல்லப்பட்டது. எஞ்சியிருக்கும் ஆண்டுகள் இத்துணையே என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். கேட்டோர் வியந்தனர், சிலர் மகிழ்ந்தனர் எனினும் பொய்யாகாது.

கூட்டம் கலைந்த பின்னர், முதிய தாயொருவர் எம்மருகே வந்தார். அவர் மகன் பிழைப்பின்பொருட்டுக் கடல் கடந்து சென்றவன்; அப்படத்திற் செந்நிறம் தீட்டப்பெற்றிருந்த நாடுகளுள் ஒன்றிலே கூலிவேலை செய்பவன். தேவகோபம் அந்நாட்டின்மேல் இறங்குகின்றது என்றால், தம் பிள்ளையும் அக்கோபத்திற்கு உட்பட்டவன்தானோ என்று அவர் எம்மை வினவினார். கல்லூரியிற் படிக்கும் பிள்ளை விடை அறிந்திருக்கும் என்று அவர் எண்ணினார் போலும். எம்மிடத்து விடை இல்லை, தலைகுனிந்து நின்றோம்.

அவ்வினாவைச் சுமந்துகொண்டே கல்லூரிக்குத் திரும்பினோம். நூல்நிலையத்திலே தேடியபொழுது, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதனை எதிர்கொண்ட பெரியார் ஒருவரைக் கண்டோம். அவரே ஹிப்போ நகரத்து அத்தியட்சராகிய அகஸ்தீனார். அவர் பெயரைக் கேளாத கிறிஸ்தவர் அரியர். அவர் தாயார் மோனிக்கா அம்மையாரின் கண்ணீரையும், தோட்டத்திலே நிகழ்ந்த அவரது மனமாற்றத்தையும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலேயே கேட்டிருக்கின்றோம். ஆயின், போரையும் நியாயத்தீர்ப்பையும் குறித்து அவர் கற்பித்தவற்றையும், கற்பித்தவாறே தம் இறுதி நாட்களில் வாழ்ந்து காட்டியதையும் நம்மில் அறிந்தவர் சிலரே. அவற்றை இயன்றவரை எடுத்துரைப்பதே எம் கருத்து.

இளமையும் மனமாற்றமும்

அகஸ்தீனார் கி.பி. 354ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள், வட ஆபிரிக்காவிலுள்ள தகஸ்தே என்னும் சிற்றூரிலே பிறந்தார். அல்ஜீரியா நாட்டிலே சூக் அஹ்ராஸ் என்று இக்காலத்து வழங்கும் ஊர் அதுவே. தந்தை பத்ரீசியஸ் சிறு நிலக்கிழார். தம் வாழ்நாளின் இறுதியில்தான் கிறிஸ்தவரானார். தாயார் மோனிக்காவோ தொடக்கமுதலே பத்தியுடையார். மைந்தன் கார்த்தேஜ் நகரஞ் சென்று சொல்வன்மைக் கலை பயின்றான். ஆங்கே மணவினையின்றி ஒரு பெண்ணோடு வாழ்ந்து அதெயோதாத்தஸ் என்னும் மகனையும் பெற்றான். எம்மையொத்த பத்தொன்பதாம் வயதிலே, சிசரோ என்னும் உரோம அறிஞர் இயற்றிய ஹோர்த்தென்சியஸ் என்னும் நூல் அவன் கையிற் கிடைத்தது. அந்நூல் மெய்யறிவின்மீது தீராத வேட்கையை அவனுள்ளத்தே மூட்டியது. ஆயினும் மெய்யறிவு எங்குளது என்று அறியாமையால், மனீக்கேயர் என்னும் கூட்டத்தாரைச் சார்ந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உழன்றான்.

383இல் உரோமாபுரிக்கும் அடுத்த ஆண்டு மிலான் நகருக்கும் ஆசிரியத் தொழில் மேற்கொண்டு சென்றார் அகஸ்தீனார். மிலான் நகரிலே அம்புரோசியார் என்னும் அத்தியட்சரின் பிரசங்கங்களை, முதலிற் சொல்லழகின்பொருட்டும் பின்னர்ப் பொருளின்பொருட்டும் கேட்கலானார். 386ஆம் ஆண்டிலே மனமாற்றமுற்றார். 387ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளின் முந்திய இரவில் அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டே தாயாரையும், ஆபிரிக்காவிற்கு மீண்ட சிலகாலத்திற்குள் அன்பு மகனையும் இழந்தார். தகஸ்தேயிலே நண்பர் சிலரோடு துறவு வாழ்க்கை நடத்தியிருந்த அவர், 391இல் ஹிப்போ நகருக்கு ஒரு காரியமாகச் சென்றபொழுது, சபையார் அவரை விடாது பிடித்துக் குருவானவராக்கிவிட்டனர். அவர் அழுதும் பயனில்லை. நாலைந்து ஆண்டுகளில் அத்தியட்சருமானார். அன்றுமுதல் இறக்குந்துணையும் அத்துறைமுகப் பட்டினமே அவர் வீடாயிற்று.

ஆசிரியர் கூறிய பொருள்

ஈண்டு, சற்றுப் பின்னோக்கி ஒரு செய்தியைக் கூறுதல் வேண்டும். 378ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலே, ஆதிரியானோப்பிள் என்னுமிடத்திற் கோத்தர் என்னும் சாதியார் உரோமப் படையை முறியடித்தனர். வாலென்ஸ் சக்கரவர்த்தியே களத்தில் மாண்டார். அத்தோல்வியால் உலகமெல்லாம் நடுங்கியது. அக்காலையில் அம்புரோசியார் இளஞ் சக்கரவர்த்தியாகிய கிராத்தியான் என்பாருக்கு விசுவாசத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி வந்தார். அந்நூலிலே, எசேக்கியேல் முன்னுரைத்த கோகு என்பான் இக்கோத்தனே என்று அவர் துணிந்துரைத்தார். பெயர்களின் ஓசை ஒத்தது; காலத்தின் அச்சமும் ஒத்தது; ஆகவே பொருளும் ஒத்ததாகத் தோன்றிற்று.

அம்புரோசியார் அற்ப அறிவினர் அல்லர். அகஸ்தீனாரைக் கிறிஸ்துவினிடத்துக் கொணர்ந்தவருள் தலையாயவர். அத்தகையாரும் தம் காலத்துப் போரைத் தீர்க்கதரிசனத்தின் நேரான நிறைவேற்றமாகக் கண்டனர் என்றால், அவ்வாறு காணுதல் எத்துணை எளிது என்பது விளங்கும். ஆசிரியர் செய்த அப்பொருளை மாணாக்கர் ஏற்றாரா, மறுத்தாரா என்பதைப் பின்னர்க் காண்போம்.

உரோமாபுரியின் வீழ்ச்சி

410ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள், அலாரிக் என்னும் தலைவனின்கீழ் மேற்குக் கோத்தர் உரோமாபுரியினுட் புகுந்து மூன்று நாட்கள் கொள்ளையிட்டனர். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளாக அயற்பகைவர் எவரும் அடிவைத்திராத நகரம் அது. பெத்லகேமிலே எசேக்கியேல் ஆகமத்திற்கு உரையெழுத முற்பட்டிருந்த ஜெரோம் என்னும் பெரியார், அச்செய்தி கேட்டு எழுதவும் இயலாதவராய்த் துயரில் ஆழ்ந்தார். உரோமாபுரி விழும் நாளே உலகம் முடியும் நாளுமாம் என்னும் எண்ணம் கிறிஸ்தவரிடையே நெடுங்காலமாக இருந்தது. லாக்டான்சியஸ் என்னும் ஆசிரியர் நூறு ஆண்டுகட்கு முன்னரே அக்கருத்துப்பட எழுதியிருந்தார். ஆதலின், முடிவு வந்துவிட்டது என்று பலர் கலங்கினர்.

பழைய தெய்வங்களை வணங்கியோர் வேறொரு வகையாற் கலங்கினர். தெய்வங்களைக் கைவிட்டமையால் தெய்வங்கள் உரோமாபுரியைக் கைவிட்டன; இதற்கெல்லாம் கிறிஸ்தவரே காரணர் என்று அவர் தூற்றினர். இத்தாலியாவினின்று கப்பலேறி ஆபிரிக்கக் கரையில் வந்திறங்கிய அகதிகளின் வாயிலாக இப்பழிச்சொல் கார்த்தேஜ் நகரெங்கும் பரவிற்று. அவ்வகதிகளுட் சிலர் உயிர் தப்பியதே பேதுரு பவுல் என்னும் அப்போஸ்தலரின் ஆலயங்களிற் புகுந்தமையாலாம். அவ்வாலயங்களைக் கோத்தர் தீண்டாது விட்டனர். அவ்வாறு தப்பியோரே கிறிஸ்துவின் நாமத்தைப் பழித்தனர் என்பதும், நகரிழந்த துயர் ஆறுமுன்னரே கார்த்தேஜின் நாடகசாலைகளை நிரப்பினர் என்பதும் அகஸ்தீனாரை மிகவும் வருத்தின.

ஆக, போரைக் கண்டோர் இருதிறத்தாரும் ஒரு செயலையே செய்தனர் என்பது நோக்கத்தக்கது. ஒருசாரார் அதனைக் காலக்கணக்காக்கினர். மற்றொருசாரார் அதனைப் பிறர்மேற் சுமத்தும் குற்றப்பத்திரமாக்கினர். அகஸ்தீனார் இவ்விரண்டையும் மறுத்தார். எங்ஙனம் மறுத்தார் என்பதே அவர் வாழ்வின் பிற்பகுதி.

அவர் முதற்கண் தம் சபையாருக்குப் பிரசங்கித்தார். அப்பிரசங்கமொன்றிலே, சில ஆண்டுகட்கு முன் கான்ஸ்தாந்திநோபிள் நகரில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டினார். நகரின்மேல் நெருப்புமயமான மேகம் தோன்ற, மாந்தர் நடுங்கி மனந்திரும்பி, சக்கரவர்த்தியோடு நகரைவிட்டு வெளியேறி மன்றாடினர், நகரம் பிழைத்தது. நினிவே நகரம் யோனாவின் நாளிற் பிழைத்ததும் அவ்வாறே. கடவுள் அச்சுறுத்துவது அழிக்கும் நாளைக் குறித்துக் கொடுப்பதற்கன்று. அழியாதபடி அழைப்பதற்கே என்பது அவர் கண்ட பொருள்.

கடவுளின் நகரம்

மார்செல்லீனஸ் என்னும் அரசாங்க அதிகாரி அகஸ்தீனாரின் நண்பர். புறச்சமயத்தார் தொடுக்கும் வினாக்களுக்கு விரிவான விடை வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவ்வேண்டுகோளின் பயனாக 413ஆம் ஆண்டளவிலே தொடங்கப்பெற்று, 426ஆம் ஆண்டளவிலே இருபத்திரண்டு புத்தகங்களாக முடிவுற்றதே கடவுளின் நகரம் என்னும் பெருநூல். நூலை வேண்டிய நண்பர் அதன் முடிவைக் கண்டிலர். 413ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களிலே, கலகமொன்றிற் பங்குகொண்டார் என்னும் ஐயத்தின்பேரில் அவர் கொலைத்தண்டனைக்கு உள்ளானார். அகஸ்தீனார் காப்பாற்ற முயன்றும் இயலவில்லை. குற்றமற்றவர் துன்புறுதல் அவருக்கு வெறும் தத்துவ வினா அன்று.

அந்நூலின் முதற்புத்தகம் பெரும்பாலும் ஆறுதலுரையே. போரில் நல்லோரும் தீயோரும் ஒருங்கே துன்புறுகின்றனர். ஆகலின், துன்பத்தைக் கொண்டு ஒருவன் குற்றத்தை அளத்தல் கூடாது என்பது அதன் உயிர்நாடி. ஒரே செக்கிலே எண்ணெயும் பிண்ணாக்கும் நெருக்குண்கின்றன. நெருக்குவது ஒன்றேயாயினும் வெளிப்படுவன வேறு. பொன்னை ஒளிரச் செய்யும் தீயே பதரைப் புகையச் செய்கின்றது. எனவே, படுவது யாது என்பதைவிடப் படுபவன் யாவன் என்பதே ஆராயற்பாலது என்று அவர் காட்டினார். பிள்ளைகளை அடக்கஞ் செய்யவும் இயலாது களத்திலே விட்டு வந்த பெற்றோரை நோக்கி, புதையாத உடலையும் கடவுள் எழுப்ப வல்லவர் என்று தேற்றினார். பகைவரால் வன்முறைக்கு உள்ளான பெண்டிரை நோக்கி, மனம் இசையாதவழிக் கற்பு அழியாது என்று உறுதி கூறினார். அக்காலத்து உலகம் அப்பெண்டிர் உயிர் விடுதலே தகும் என்று எண்ணியிருக்க, அவர் ஒருவர் அவர்களை வாழுமாறு கூறினார் என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்த புத்தகங்களிலே, கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரும் உரோமாபுரி எத்துணைப் போர்களைக் கண்டது என்பதை வரிசைப்படுத்தினார். காலியர் நகரை எரித்தது, கார்த்தேஜரோடு நடந்த பெரும்போர்கள், மாரியஸ் சுல்லா என்பாரின் உள்நாட்டுப் போர் ஆகியவற்றையெல்லாம் எடுத்துக்காட்டினார். ஓரோசியஸ் என்னும் இளங்குரு, அகஸ்தீனாரின் தூண்டுதலால் இதனையே ஏழு புத்தகங்களாக விரித்தெழுதினார். போர் என்பது ஒரு காலத்திற்கோ ஒரு சமயத்திற்கோ உரியதன்று; தன்னையே நேசிக்கும் மனிதவுள்ளத்திற்கு உரியது என்பது இவற்றால் தெளிவாகும். கடவுளின்மேலுள்ள அன்பாற் கட்டப்படும் நகரமும், தன்மேலுள்ள அன்பாற் கட்டப்படும் நகரமும் இவ்வுலகிற் கலந்தே நடக்கின்றன, அவற்றைப் பிரிப்பது இறுதித் தீர்ப்பின் வேலை, நம் வேலையன்று. பத்தொன்பதாம் புத்தகத்தில் அவர் இன்னும் ஒருபடி சென்று, நீதியின்பொருட்டுப் போர் செய்ய நேர்ந்தவனும் அதன் கொடுமையை எண்ணி வருந்துதல் வேண்டும்; வருந்தாதவன் மனிதவுணர்வையே இழந்தவன் என்று முடிவு கட்டினார்.

இருபதாம் புத்தகம் முழுதும் இறுதி நியாயத்தீர்ப்பைப் பற்றியது. ஆங்கேதான் மாணாக்கர் ஆசிரியரை விட்டு விலகுகின்றார். கோகு மாகோகு என்பன உலகின் ஏதோ ஒரு மூலையில் வாழும் ஒரு சாதியாரைக் குறிப்பன அல்ல. சபைக்குப் பகையாய் உலகெங்கும் பரந்து கிடக்கும் கூட்டத்தையே குறிப்பன என்று அவர் எழுதினார். ஆயிர வருட அரசாட்சியைப் பற்றியும், தாம் இளமையிற் கொண்டிருந்த கருத்தை மாற்றிக்கொண்டதாக ஒளியாமற் கூறினார். அதனைச் சபையின் காலமாகவே இப்பொழுது பொருள் கொண்டார். இவ்வகை விளக்கத்தில், மாறுபட்ட சபையைச் சார்ந்த டைக்கோனியஸ் என்பாரிடமிருந்தும் கற்றுக்கொள்ள அவர் நாணவில்லை. தெசலோனிக்கேயருக்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய கடினமான பகுதியொன்று வந்தபொழுது, அப்போஸ்தலர் கருதியது யாதென்று தமக்கு விளங்கவில்லை என்றே எழுதிவிட்டார். இவ்வளவு பெரிய அறிஞர் இவ்வளவு எளிதாக அறியாமையை ஒப்புக்கொண்டது எமக்குப் பெருவியப்பாயிருந்தது.

காலக்கணக்கு

418ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிலே சூரிய கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. பகலிலேயே விண்மீன்கள் தோன்றியதாக அக்காலத்து ஆசிரியரொருவர் எழுதி வைத்தார். அச்சமுற்ற அந்நாட்களிலே, தல்மாத்தியா நாட்டுச் சலோனா நகரத்து அத்தியட்சராகிய ஹெசிக்கியஸ் என்பாருக்கும் அகஸ்தீனாருக்கும் முடிவுகாலத்தைக் குறித்துக் கடிதப்போக்குவரத்து நிகழ்ந்தது. தானியேல் தீர்க்கதரிசி கூறிய எழுபது வாரங்களைக் கொண்டு முடிவின் காலத்தை அறியலாம் என்பதும், அறிகுறிகள் கண்முன்னே நிறைவேறி வருகின்றன என்பதும் ஹெசிக்கியஸின் எண்ணம்.

அகஸ்தீனாரின் விடை பணிவும் உறுதியும் கலந்தது. அவ்வாரங்கள் ஆண்டவரின் முதல் வருகையிலேயே நிறைவேறின. போர்கள் எக்காலத்தும் இருந்தன. காலங்களை அறிதல் சீடருக்கே மறுக்கப்பட்டதென்றால், நமக்கு எங்ஙனம் அளிக்கப்படும் என்று அவர் காட்டினார். மேலும், சுவிசேஷம் எல்லாச் சாதியாருக்கும் அறிவிக்கப்பட்ட பின்னரே முடிவு வரும் என்பதாயின், தம் ஆபிரிக்காவிலேயே அதனைக் கேளாத எண்ணிறந்த மக்கள் உளரே என்று நினைவூட்டினார். எண்ணவேண்டுவது ஆண்டுகளை அன்று. கேளாதோரை என்பது குறிப்பு.

அக்கடிதத்தின் இறுதியில் வரும் உவமையை எம் சொல்லிற் சுருக்கிக் கூறுவோம். தலைவன் வரவை மூன்று ஊழியர் எதிர்பார்க்கின்றனர். ஒருவன் விரைவில் வருவான் என்கின்றான். ஒருவன் காலந்தாழ்த்து வருவான் என்கின்றான். மூன்றாமவன் எப்பொழுதென்று தான் அறியேன் என்கின்றான். மூவரும் தலைவனை நேசிப்பவரே, மூவரும் விழித்திருப்பவரே. ஆயினும், முன்னவன் சொல் தவறினால் கேட்டோர் விசுவாசத்தையே இழக்க நேரும். அறியேன் என்பவனோ ஏமாறுவதுமில்லை, ஏமாற்றுவதுமில்லை.

இவ்விடத்து, புறச்சமயத்தாரிடையும் காலக்கணக்கு வழங்கியதை அகஸ்தீனார் குறித்தது நினைவிற்கு வருகின்றது. கிறிஸ்துவின் வழிபாடு 365 ஆண்டுகளே நிலைக்கும் என்று ஒரு குறிமொழி அவர்களிடையே உலவிற்று. அவ்வாண்டுகள் கழிந்தன, சபையோ முன்னிலும் பெருகிற்று. கணக்குப் பார்ப்போர் எப்பக்கத்தாராயினும் அவர் முடிவு ஒன்றே.

இத்துணையும் கூறிய யாம் ஒரு குறையை மறைத்தல் நேர்மையன்று. தொனாத்தியர் என்னும் பிரிவினரைச் சபையோடு சேர்க்க அரசனது கட்டாயம் பயன்படலாம் என்று அகஸ்தீனார் நடுவயதில் உடன்பட்டார். தொடக்கத்தில் அதனை மறுத்தவரே பின்னர் மாறினார். கோதுமையையும் களையையும் பிரிக்கும் வேலை கடவுளுடையது என்று கற்பித்தவர், அக்கொள்கையைத் தம் எதிரிகளிடத்து முழுதுங் கைக்கொண்டிலர். பிற்காலத்தார் பலர் அவரை மேற்கோள் காட்டிக் கொடுமைகள் செய்தனர். பெரியாரிடத்தும் மாசு உண்டு. அவர் தாமே தம் நூல்களையெல்லாம் முதுமையில் மீண்டும் ஆராய்ந்து, பிழைகளைத் திருத்தி ஒரு நூல் எழுதினார் என்பதையும் உடனெண்ணுதல் வேண்டும்.

முற்றுகை

பிறர் நகரம் வீழ்ந்தபொழுது ஆறுதல் கூறுதல் எளிது. தம் நகரவாயிலிற் பகைவர் நிற்கும்பொழுதும் அவ்வாறே கூறுபவர் யாவர்? 429ஆம் ஆண்டு கெய்செரிக் என்னும் அரசன்கீழ் வாண்டலர் ஸ்பானியாவினின்று கடல் கடந்து ஆபிரிக்காவிற் புகுந்தனர். பெண்டிர் பிள்ளைகள் உட்பட எண்பதினாயிரவர் என்பர். ஊர்கள் எரிந்தன, ஆலயங்கள் பாழாயின, மக்கள் காட்டிலும் குகையிலும் ஒளித்தனர்.

அக்காலையில் ஓனோராத்தஸ் என்னும் அத்தியட்சர், குருமார் ஓடித் தப்பலாமா என்று வினவி எழுதினார். மேய்ப்பனை மாத்திரம் தேடிப் பகைவர் வருவராயின் அவன் தப்பிச் செல்லலாம். துன்பம் எல்லோர்க்கும் பொதுவாயின், தம்மை வேண்டி நிற்போரை விட்டு ஓடுதல் தகாது என்று அகஸ்தீனார் விடை எழுதினார். ஞானஸ்நானம் வேண்டுவோரும் ஆறுதல் வேண்டுவோரும் அந்நாளிலன்றோ பெருகுவர்? சமாதானம் பேச வந்த டாரியஸ் என்னும் அரசதூதரை அவர் வாழ்த்திய கடிதமும் உளது. வாளால் மனிதரைக் கொல்வதினும் சொல்லாற் போரையே கொல்லுதல் மேலான புகழ் என்பது அதன் கருத்து. அத்தூதர் பெற்ற போர்நிறுத்தம் நெடுநாள் நில்லாதது நம் தவக்குறையே.

430ஆம் ஆண்டு கோடையிலே வாண்டலர் ஹிப்போ நகரை முற்றுகையிட்டனர். நகரைக் காத்து நின்றவன் போனிபாஸ் என்னும் படைத்தலைவன். அவன்கீழ்ப் போரிட்ட துணைப்படையினர் யாவர் என்று அறிந்தபொழுது யாம் திடுக்கிட்டோம். அவர் கோத்தர்! அம்புரோசியார் கோகு என்று குறித்த அச்சாதியார், ஐம்பது ஆண்டுகட்குப் பின்னர், அவர் மாணாக்கரின் நகர மதிலைக் காத்து நின்றனர். தீர்க்கதரிசனத்தின் பகைவனுக்கு ஒரு சாதியின் பெயரைச் சூட்டுதல் எத்துணை இடர்ப்பாடுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

முற்றுகைக்குட்பட்ட அந்நாட்களை, அகஸ்தீனாரோடு உடனிருந்த பொசிடியஸ் என்னும் அத்தியட்சர் எழுதி வைத்துள்ளார். கடவுள் நகரை விடுவிக்க வேண்டும். அஃது அவர் சித்தமன்றாயின், அடியார்க்குத் தாங்கும் வலிமை தரவேண்டும். அல்லது தம்மை இவ்வுலகினின்று அழைத்துக்கொள்ள வேண்டும் என்று அகஸ்தீனார் வேண்டிக்கொண்டாராம். இதுவே முடிவு என்று அவர் எவரையும் அச்சுறுத்தவில்லை. இது இன்னாருடைய பாவத்தின் கூலி என்று எவரையும் சுட்டவுமில்லை. பெலேஜியரைச் சார்ந்த யூலியானுஸ் என்பாருக்கு எழுதிவந்த மறுப்புநூலை, கைவலி தீரும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார், அந்நூல் முற்றுப்பெறவில்லை.

முற்றுகையின் மூன்றாந் திங்களிற் காய்ச்சல் கண்டது. நோயாளி ஒருவனைக் கொணர்ந்து, அவன்மேற் கைவைக்குமாறு வேண்டினர். அத்தகைய வல்லமை தமக்கு இருக்குமாயின் முதலில் தம்மையே குணப்படுத்திக் கொண்டிருக்கலாமே என்று அவர் நகைமுகத்தோடு சொல்லி, பின்னர் அவர் வேண்டுகோளுக்கிணங்கிக் கைவைத்துச் செபித்தார். தாவீதின் மனந்திரும்புதற் சங்கீதங்களை எழுதிச் சுவரிற் பொருத்துமாறு கூறி, படுக்கையிற் கிடந்தவாறே அவற்றை வாசித்துக் கண்ணீர் சிந்தினார். இறுதிப் பத்து நாட்களும், மருத்துவரும் உணவு கொணர்வோரும் ஒழிய எவரும் உள்ளே வாராதபடி கேட்டுக்கொண்டார். உலகுக்கு நியாயத்தீர்ப்பைக் குறித்துப் பெருநூல் எழுதியவர், அந்நேரத்தில் நியாயந்தீர்த்தது தம் ஒருவரையே. 430ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள், எழுபத்தைந்து வயது நிரம்பியவராய் அவர் கண்மூடினார். மரணசாசனம் எழுதவில்லை, எழுதுதற்குரிய பொருள் ஒன்றும் அவரிடத்து இல்லை.

முற்றுகை ஏறத்தாழப் பதினான்கு திங்கள் நீடித்தது. பின்னர் நகரம் பகைவர் வசமாகி எரிந்தது; அவருடைய நூல்நிலையமோ தப்பியது. 439இல் கார்த்தேஜும் வாண்டலர் வசமாயிற்று. 455இல் அதே வாண்டலர் உரோமாபுரியையும் கொள்ளையிட்டனர். உலகம் முடியவில்லை.

முடிவுரை

அதன் பின்னரும் கணக்குப் பார்த்தோர் ஒழிந்தாரில்லை. நெப்போலியன் நாளில் அவனையே அந்திக்கிறிஸ்து என்றவர் பலர். 1914இலும் 1939இலும் பெரும்போர்கள் மூண்டபொழுது, புதிய பெயர்கள் பழைய வசனங்களிற் பொருத்தப்பட்டன. அப்பெயர்கள் மாறின, வசனங்கள் நிலைத்தன. இதனால் நியாயத்தீர்ப்பு இல்லையென்று யாம் கூறவில்லை. அகஸ்தீனாரும் அங்ஙனம் கூறினாரல்லர். தீர்ப்பு உண்டு; அஃது நிச்சயம் வரும்; ஆயின் அதன் ஏடு நம் கையிற் கொடுக்கப்படவில்லை. ஒவ்வொருவனும் தன் வாழ்வின் இறுதி நாளில் எந்நிலையிற் காணப்படுகின்றானோ, அந்நிலையிலேயே உலகின் இறுதி நாளும் அவனைக் காணும் என்பதே அவர் ஹெசிக்கியஸுக்குச் சொன்ன சாரம். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டோரைப் பற்றிப் பேசியபொழுது, மாண்டோரின் பாவத்தை அளவாமல் கேட்டோரின் மனந்திரும்புதலைக் கேட்ட ஆண்டவரின் வழியும் அதுவன்றோ?

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊர் சென்றபொழுது, அத்தாயைத் தேடிச் சென்று கண்டோம். ஒரு நாட்டின்மேற் போர் வந்ததுகொண்டு அந்நாட்டிலுள்ளோர்மேற் கடவுள் கோபங்கொண்டார் என்று எண்ணற்க. உம் மகனுக்கும், அவன்மேற் குண்டெறிவோனுக்கும் நியாயாதிபதி ஒருவரே. அவர் உம்மினும் இரக்கமுடையவர் என்று யாம் கற்றதைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தருமாறு கேட்டார். அங்கேயே திண்ணையில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். அதிற் போரைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆடு குட்டி போட்டதும், தங்கைக்கு வரன் பார்ப்பதும், இரவுதோறும் அவனுக்காக முழங்காலிடுவதுமே இருந்தன. முற்றுகைக்குள் இருந்துகொண்டு தம் அன்றாடக் கடமையைச் செய்து முடித்த முதியவரின் நினைவு எமக்கு அப்பொழுது வந்தது. போர்ச்செய்தி கேட்கும் நாளிலெல்லாம், நாள் பார்ப்போராய் அன்று, தம் நிலையில் விழித்திருப்போராய் நாம் காணப்படுவோமாக.